கழுதைகள் திரும்பும் வரை

அவரை வேலையில் இருந்து தூக்கச் சொல்லி மனு எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதும்போது, இதைச் சொல்ல இவன் யார் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

அந்த நாட்களில் நான் பள்ளிக்கூட வான் ஓட்டினேன். மன்னார்த் தீவில், பேசாலைக்கு இந்தப் பக்கம் கரையோரக் குடியிருப்புகளில் பதினொரு பிள்ளைகளை ஏற்றி, ரயில் தண்டவாளத்தைக் கடந்து, தலைமன்னார் வீதிக்கு ஏறி, மன்னார் டவுனில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பின்னேரம் திரும்பக் கொண்டுவர வேண்டும். தண்டவாளம் குறுக்கிடும் அந்த இடத்தில்தான் அவர் இருந்தார். கடவைக் காவலர் என்று கடிதங்களில் எழுதுவார்கள். எங்கள் ஊரில் காவலுக்கு இருப்பவர் யாரானாலும் வோச்சர்தான். ஆகவே அவர் வோச்சர் அக்கா. பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்ப் போத்தல், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. வெளியே வீதியை மறிப்பதற்குச் சிவப்பும் வெள்ளையுமாக நிறம் அடித்த நீண்ட இரும்புக் குழாய். அதன் அடிமுனையில் பாரத்துக்கு ஒரு சீமெந்துக் கட்டி. இரும்பானாலும் எங்களுக்கு அது 'மரம்'. மரம் விழுந்தால் நிற்க வேண்டும், எழும்பினால் போகலாம். சட்டம் இவ்வளவுதான். இந்தச் சின்னச் சட்டத்தை வைத்துக்கொண்டு அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

ரயில் போய்விடும். கடைசிப் பெட்டியும் கண்ணுக்கு மறைந்துவிடும். மரம் எழும்பாது. அக்கா தண்டவாளத்து ஓரத்தில் நின்று இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஹோர்ன் அடிப்பேன். அவர் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார்.

"அக்கா, ரயில் போட்டுதுதானே! திறவுங்கோ!"

"போயிருச்சுங்க தம்பி. இருங்க, பாத்துக்கிறேன்."

"போனதை என்னத்துக்குப் பாக்கிறீங்கள்?"

"போனத யாருங்க பாக்குறா? வர்றதத்தான் பாக்குறேன்."

இதற்கு மேல் அந்த மனுஷியோடு என்ன பேசுவது? நான் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பேன். பின்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அவர் கையில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதில் தனக்காக அவர் நேரம் பார்த்து நான் கண்டதேயில்லை. யாராவது கேட்டால் மட்டும் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுவார். "ரயில் எத்தினை மணிக்கு?" என்று கேட்டால், "மணி இப்ப ஆறு அம்பதுங்க. ரயில் வர்றப்ப வரும்" என்று இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வரும். முன் கடவையில் இருப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டு ரயில் விட்டாயிற்று என்பார். "ரொம்ப நன்றிங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்தச் செய்தியைக் கேட்காதவர் மாதிரி எழுந்துபோய்க் கண்ணால் பார்ப்பார். ஒருநாள், பாவம், சும்மா குந்தியிருக்கிறாரே என்று இரங்கி நான் ஒரு பத்திரிகை கொடுத்தேன். வாங்கினார், நாலாக மடித்தார், கதிரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"வாசிச்சா கண்ணு கீழ போயிருங்க தம்பி. சூடு தாங்கலன்னுதான் இருந்தேன். நல்லதாப் போச்சு."

அவரை விளங்க வேண்டுமானால் எங்களையும் கொஞ்சம் விளங்க வேண்டும். போர்க்காலத்தில் தண்டவாளம் போய்விட்டது. சிலிப்பர் கட்டைகள் பதுங்கும் பங்கருக்குக் கூரையாகப் போயின. ஒரு தலைமுறை முழுக்க ரயிலைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தது. அதில் நானும் ஒருவன். புதுத் தண்டவாளம் போட்டு ரயில் மறுபடி வந்தபோது பூசை வைத்து வரவேற்றோம், ஆனால் அதோடு எப்படிப் பழகுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காட்டுவதுபோல் கை காட்டினார். நிற்காமல் போனதும், "வெறும் பெட்டியாத்தானே போகுது, என்ன எடுப்பு!" என்று ஏசினார். பெண்கள் வெயிலில் சுடுகிற தண்டவாளத்தில் சாக்கை விரித்து நெத்தலி காயப்போட்டார்கள்.

இவை சிரிக்கத் தக்கவை. எங்களுடைய பெரிய பிழை வேறு. நாங்கள் கடற்கரைச் சனம். அடிவானத்தில் ஒரு வள்ளம் புள்ளியாகத் தெரிந்தால், அது கரைக்கு வர அரை மணித்தியாலம் எடுக்கும் என்று எங்கள் உடம்புக்கே தெரியும். அதற்குள் தேத்தண்ணி குடிக்கலாம், வீட்டுக்குப் போய்க் கூடை எடுத்து வரலாம். அந்தக் கணக்கை நாங்கள் ரயிலுக்கும் போட்டோம். தண்டவாளத்தின் முனையில் ஒரு புள்ளி தெரியும். "அங்கதானே நிக்குது" என்று சைக்கிளை உருட்டுவோம். பாதி கடக்குமுன் அந்தப் புள்ளி வீட்டளவுக்கு வந்து நிற்கும். என் வானையே ஒருமுறை பின்சக்கரம் தண்டவாளத்தில் இருக்க நிறுத்திவிட்டு, மீன் ஏற்றி வந்த சிநேகிதனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி தெரிந்தது. எனக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா ஓடி வந்து கதவில் படபடவென்று அடித்து என்னை நகர்த்தினார். அதுதான் எங்கள் முதல் சந்திப்பு. அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. வான் கதவு நெளிந்துவிட்டதா என்று இறங்கிப் பார்த்தேன்.

அந்தக் கடவையில் ரயிலோடு வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். லயத்துக்குப் பின்னால் தண்டவாளமாம். சின்ன வயதில் கலவரத்தில் அடிபட்டுக் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து, உயிலங்குளத்தில் குடியிருந்தார். விடியற்காலை பஸ் ஏறிப் பாலம் தாண்டி வேலைக்கு வருவார். இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் பேச்சு மாறவில்லை. எப்போதாவது ஒரு 'ஓம்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். "தோட்டத்து ஆளுக்கு எங்கட தீவைப் பற்றி என்ன தெரியும்?" என்று சனம் சொல்லும். நானும் சொன்னேன். எங்களுக்குத் தீவு தெரியும், அவருக்கு ரயில் தெரியும் என்பது எங்கள் மண்டையில் ஏற நாளெடுத்தது.

கழுதை விஷயத்துக்கு வருகிறேன். மன்னாரில் கழுதைக்குப் பஞ்சமில்லை. டவுனில் அவை பஸ் நிலையத்தில் படுக்கும். எங்கள் கடவையில் தண்டவாளத்துக் கல்மேட்டில் ஏழெட்டு நிற்கும். மேடு உயரம், காற்று வரும், ஈ இலையான் தொல்லை குறைவு. ரயில் வருவதற்கு வெகு முன்னமே, எங்களுக்கு ஒரு சத்தமும் கேளாத நேரத்தில், அவை காதை விறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிடும். ரயில் போனபின் ஆறுதலாக மறுபடி மேலே ஏறும். அக்கா அவை ஏறும்வரை மரத்தைத் தூக்க மாட்டார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம்!

"அக்கா, நீங்கள் ரயிலைப் பாக்கிறீங்களோ, கழுதையைப் பாக்கிறீங்களோ?"

"ரெண்டையுந்தாங்க. எங்க ஊருல பனி எறங்குனா முன்னால நிக்குற ஆளே தெரியாது. மாடு லைனுல ஏறுனாத்தான் நாங்க லைனத் தாண்டுவோம். இங்க மாட்டுக்குப் பதிலா இதுங்க. நம்ம காதவிட அதுங்க காது பெருசு இல்லீங்களா?"

பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். பள்ளிக்கூடம் போகும்வரை வானுக்குள் காது பிடித்துக்கொண்டு கழுதை மாதிரிக் கத்தினார்கள். எனக்குத் தலையிடி.

பார்ப்பது அவருக்குத் தண்டவாளத்தோடு முடிவதில்லை. என் வானின் பின்விளக்கு எரியவில்லை என்று முதலில் சொன்னவர் அவர். ஒரு சக்கரத்தின் பக்கம் வீங்கியிருப்பதைச் சொன்னதும் அவர்தான். சொன்னதற்காக நான் முகத்தைச் சுழித்தேன், ஆனாலும் அன்று பின்னேரமே மாற்றினேன். எந்தப் பிள்ளை அழுதுவிட்டு ஏறியிருக்கிறது, எது சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று கண்ணாடிக்கு வெளியே நின்றே சொல்லுவார். டிலானி என்று ஒரு பிள்ளை, ஐந்தாம் வகுப்பு, எப்போதும் என் பின்சீற்றில் ஜன்னலோரம். ஒருநாள் அவளுடைய தாய் கடவைக்கு வந்தபோது அக்கா மெல்லச் சொன்னார்:

"பாப்பா கொடியப் பாக்குறப்ப கண்ணச் சுருக்குதுங்க. ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுங்க."

தாய்க்குப் பிடிக்கவில்லை. "என்ட பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று வெடுக்கென்று போனார். ஒரு மாதம் கழித்து டிலானி மூக்குக் கண்ணாடியோடு ஏறினாள். தண்டவாளத்தின் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த டிலானிதான் ஒருநாள் மரம் விழுந்து காத்திருந்தபோது ஆங்கில வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். ஒரு சொல்லுக்குப் பல கருத்து எழுதி வரச் சொல்லி ரீச்சர் கொடுத்திருந்தார்.

"வோச் எண்டா கைக்கடிகாரம். வோச் எண்டா பாக்கிறது. வோச் எண்டா காவல் இருக்கிறது. கவனமா இரு எண்டு சொல்லவும் அதைத்தான் சொல்லுறதாம்." பிறகு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "அன்ரி! இது நாலும் நீங்கள்தான்!"

அக்கா கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "நாலு வேலையா பாப்பா? சம்பளம் ஒண்ணுதான் குடுக்குறாங்க. ஒங்க ரீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லு."

இப்படிச் சிரிக்கிற மனுஷியின் மேல் எனக்கென்ன கோபம் என்று கேட்கலாம். எனக்குப் பிந்துவது ஆகாது. ஒரே மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூட வாசல் பூட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் பிள்ளைகளை ஒரு பாடம் முடியும்வரை வெயிலில் நிறுத்திவிட்டார்கள். தாய்மார் என்னைப் பிடித்துக் கிழித்தார்கள். நான் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கடவையில் கொட்டினேன். அவர், "பிந்திப் போனா வெயில்ல நிக்கலாம் தம்பி" என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை. அன்றிரவே மனு எழுதினேன்.

நல்ல மனு அது. இப்போதும் எனக்கு அதில் சில வரிகள் பாடம். 'மேற்படி கடவைக் காவலர் ரயில் சென்ற பின்னரும் தடையை நீக்காது, கழுதைகளின் அனுமதிக்காகக் காத்திருப்பதால் மாணவரின் கல்வி பாதிக்கப்படுகிறது' என்று எழுதி, பொருத்தமான ஒருவரை நியமிக்கும்படி கேட்டிருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரின் கையெழுத்து வாங்கினேன். டிலானியின் தாய் மட்டும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "பிள்ளை வெயிலில நிண்டவள்தானே" என்றேன். அவரும் போட்டார்.

மனு டாஷ்போர்டில் கிடந்தது. அடுத்த நாள் மரம் விழுந்திருந்தபோது அக்கா ஜன்னலண்டை வந்தார். அவர் கண்ணில் படாதது ஏதாவது உண்டா? தலைகீழாகக் கிடந்த கடிதத்தை நின்ற நிலையிலேயே வாசித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

"திகதி போடலீங்க தம்பி," என்றார். "திகதி இல்லாட்டி கந்தோருல எடுக்க மாட்டாங்க."

போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். வெட்கம் இருந்தால் அந்த இடத்திலேயே நான் அதைக் கிழித்திருக்க வேண்டும். எனக்கோ வீம்பு. திகதி போட்டு அனுப்பினேன்.

புலமைப்பரிசில் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிலானியோடு ஐந்து பிள்ளைகள். தாய்மார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டு ஏற்றினார்கள். சோளகக் காற்று பேயாக வீசிய காலம். மணல் கண்ணாடியில் வந்து அடித்தது. கடவைக்கு வந்தபோது மரம் விழுந்திருந்தது. ரயில் வந்தது, போனது. நான் கியரைப் போட்டேன். மரம் எழும்பவில்லை.

கழுதைகள் கீழேயே நின்றன. காதெல்லாம் தலைமன்னார்ப் பக்கம். ரயில் வந்ததே அந்தப் பக்கத்தில் இருந்துதான். போன பிறகு இன்னும் என்ன? நான் ஹோர்ன் அடித்தேன். கை உயர்ந்தது. இறங்கிப் போனேன்.

"அக்கா, இண்டைக்குச் சோதினை! பிள்ளையளுக்குச் சோதினை!"

"ரெண்டே நிமிசம் தம்பி. அதுங்க இன்னும் ஏறல."

"கழுதைக்கும் சோதினையோ? விளையாடுறீங்களோ?"

"சத்தம் ஒண்ணும் கேக்கலைங்க, காத்து. அதான் பயமா இருக்கு. இருங்க."

நான் இருக்கவில்லை. சீமெந்துக் கட்டியை இரண்டு கையாலும் அமத்தி மரத்தை நானே தூக்கினேன். ஓடிப்போய் வானில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். பிள்ளைகளில் ஒருவன் கை தட்டினான். வான் முன்னே ஓரடி நகர்ந்திருக்கும். அக்கா பம்பருக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் பொனற்றில் ஊன்றி, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏத்திட்டுப் போங்க. என் மேல ஏத்திட்டுப் போங்க."

அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பயத்தில் உதடு நடுங்கியது. கை பொனற்றை விட்டு அசையவில்லை. நான் பிரேக்கை மிதித்தபடி கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்த வேண்டி வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், தண்டவாளம் திருத்துகிற ஆட்களின் மோட்டார் டிரொலி, இரும்புத் துண்டுகள் ஏற்றிய தட்டொன்றை இழுத்துக்கொண்டு போனது. அவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு முறைப்படிதான் வந்தார்கள், கடவைக்குத்தான் தகவல் வரவில்லை. ஹோர்னும் அடித்தார்களாம். காற்று அதை மற்றப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அக்காவின் ஒறேஞ்ச் மேலங்கியின் முதுகு ஒருமுறை படபடத்து அடங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கழுதை கல்மேட்டில் ஏறியது. அக்கா பொனற்றில் இருந்து கையை எடுத்தார்.

"போங்க," என்றார். "பிள்ளைங்களப் பயங்காட்டாமக் கூட்டிட்டுப் போங்க. எழுதப் போற பிள்ளைங்க."

நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பரீட்சை முடிந்து வரும் வழியில் ஐந்து பேருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். அது அன்பளிப்பில்லை. வீட்டில் சொல்லாதீர்கள் என்பதற்குக் கொடுத்த கைக்கூலி. சின்னப் பிள்ளைகளுக்கு இலஞ்சம் கொடுத்தவன் என்ற பெயரும் எனக்கு இருக்கட்டும்.

அக்காவும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் தொடர்ந்து போனேன், வந்தேன். ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் மனு அதன் பாட்டில் மேலே போய்க்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இருவரையும் டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே கிடந்த வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் வெளுத்த சேலை கட்டி, மேலங்கியை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"வேலை போனா என்ன செய்வீங்கள் அக்கா?" என்று கேட்டேன். கேட்கத் தகுதியில்லாத கேள்வி.

"திரும்பக் களை புடுங்கத்தாங்க போகணும். மக நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கா. அதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

உள்ளே அதிகாரி மனுவை வாசித்தார். கழுதை வரியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, இருமி அடக்கிக்கொண்டார். "ரயில் போன பிறகும் மூடி வைக்கிறனீங்கள் எண்டது உண்மையோ?" என்று அக்காவைக் கேட்டார்.

"உண்மைதாங்க ஐயா."

"போனவுடனே திறக்க வேணும் எண்டு சொல்லித் தந்தவையோ இல்லையோ?"

"சொல்லிக் குடுத்தாங்க."

"பிறகேன்?"

"கண்ணால பாக்காமக் கையெடுக்க மனசு வரலைங்க."

அதிகாரி பேனையை மூடினார். எனக்கு விளங்கிவிட்டது, இன்னும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் வாயைத் திறக்காவிட்டால் என் மனு வெல்லும். திறந்தால் என் வான் போகும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடவை மரத்தைத் தூக்கியவனுக்கு யார் பிள்ளை தருவார்? அந்த வானை விட்டால் எனக்கு வேறு தொழிலும் இல்லை. நான் எழும்பினேன். கால் எழும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஐயா, சோதினை அண்டைக்கு இவ திறக்கேல்லை. நான்தான் மரத்தைத் தூக்கினனான். ஐஞ்சு பிள்ளையள் உள்ளுக்கு. டிரொலி வந்தது. இவ வானுக்கு முன்னால வந்து நிண்டவ. இல்லாட்டி..."

அதிகாரி மூடிய பேனையை மறுபடி திறந்தார். "இதுக்கு உம்மில நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமோ?"

"தெரியும். எழுதுங்கோ ஐயா."

அவர் எழுதினார், இரண்டு பக்கம். அக்காவிடம், "நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ அம்மா. உங்கட முறையை நான் மேலிடத்துக்கும் எழுதுறன்" என்றார். என்னிடம், "பெற்றோருக்கு இதை நீர் சொல்லுவீரோ, நான் ஆள் அனுப்பட்டோ?" என்று கேட்டார். நானே சொல்லுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை ஒவ்வொரு வீடாகப் போனேன். கையெழுத்து வாங்கப் போன அதே வாசல்கள். சிலர் கத்தினார்கள், கத்தியவர்கள் பரவாயில்லை. டிலானியின் தாய் கத்தவில்லை.

"என்ட பிள்ளையை உள்ளுக்கு வைச்சுக்கொண்டோ தூக்கினீங்கள்?"

"ஓம்."

"அந்த மனுசிக்கு எதிரா என்னட்டயும் கையெழுத்து வாங்கினீங்கள்."

"ஓம்."

கதவைச் சாத்திவிட்டார். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே பேச்சுத்தான்: திங்கட்கிழமை வர வேண்டாம். ஞாயிறு நான் பூசைக்கும் போகவில்லை. அந்தத் தாய்மாரின் முகத்தில் முழிக்கிற தைரியம் இல்லை.

திங்கள் காலை வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. டவுனில் வேறு ஓட்டம் ஏதும் கிடைக்குமா பார்ப்போம் என்று வெறும் வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கடவையில் மரம் விழுந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ரயிலும் இல்லை, டிரொலியும் இல்லை. இறங்கிப் போனேன்.

"ரயில் பிந்தியோ அக்கா?"

"அது அப்பவே போயிருச்சுங்க."

"பிறகேன் மரம்?"

அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். "நீங்க போயிரக் கூடாதுல்ல. வர்றாங்க பாருங்க."

திரும்பினேன். கரைப்பக்க மணல் வீதியில் வெள்ளை உடுப்பும் புத்தகப் பையுமாகப் பிள்ளைகள். கூடவே தாய்மார். முன்னால் டிலானியின் தாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. என்னிடம் வந்து நின்றார். முகம் இன்னும் இறுக்கம்தான்.

"நேற்று இவ வீடு வீடா வந்தவ. லீவு நாளில, உயிலங்குளத்தில இருந்து பஸ் ஏறி."

"என்ன சொன்னவ?"

"'இந்த ரோட்டுலயே இனி பயந்து வண்டி ஓட்டப் போறவரு அவரு ஒருத்தருதான், அவரையும் விட்டுட்டாப் பிள்ளைங்கள யாரோட அனுப்புவீங்க' எண்டு கேட்டவ." டிலானியின் கையை விட்டார். "எனக்குக் கோபம் ஆறேல்லை. ஆனாலும் ஏத்துங்கோ."

ஒன்பது பிள்ளைகள் ஏறினார்கள். இரண்டு வீட்டார் அனுப்பவில்லை, பிறகும் அனுப்பவேயில்லை. அவர்களில் எனக்குக் குறை இல்லை. நான் ஏறி இருந்து சாவியைத் திருப்பினேன். அக்கா மரத்தில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மரத்தைத் தூக்கவில்லை. ஜன்னலண்டை வந்து குனிந்தார்.

"கண்ணத் தொடைச்சிட்டு ஓட்டுங்க தம்பி," என்றார். "ரோடு தெரியணும்ல."